அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று வாள்கள்: எது கைக்கு, எது சுவருக்கு?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

புதுச்சேரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதமும் சில புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். 1950-களின் பிற்பகுதியில் முதலில் மொரோக்கோவிலும், பிறகு அல்ஜீரியாவிலும் பணியாற்றியிருக்கிறார். ஊர் திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் மூன்று ஆயுதங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, மர உறையில் செருகிய நீள வாள். பிடியில் பித்தளைத் தகடு போர்த்தியிருக்கிறது, பிடியின் நுனி ஏதோ விலங்கின் தலைபோல் இருக்கிறது, அலகு முழுக்கப் பித்தளைக் கோலங்கள். இரண்டாவது, வளைந்த குத்துவாள். வெள்ளி போல மின்னும் உறை, சிவப்பு பச்சைக் கற்கள், வெண்ணிறப் பிடி. மூன்றாவது, தோல் உறையில் நேரான வாள். நுனி மழுங்கியது, அலகில் பிறை வடிவச் சின்னங்கள்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்பது வீட்டு வழக்கம். அம்மாவும் காலமான பிறகு பாகப்பிரிவினைப் பேச்சு வந்திருக்கிறது. பாரிஸில் இருக்கும் தம்பி "மூன்றையும் இங்கே அனுப்பு, ஏலத்தில் விடலாம்" என்கிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, வளைந்த குத்துவாள் முந்நூறு வருடப் பழையது, பிடி யானைத் தந்தம், உறை வெள்ளி என்று சொல்லி அதற்கு ஒரு விலை பேசியிருக்கிறார். மற்ற இரண்டும் வெறும் இரும்பு, அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். உறவினர் ஒருவரோ மூன்றுமே சுற்றுலாக் கடைச் சாமான் என்கிறார். நீள வாளை அப்பா போர்க்களத்தில் எதிரியிடமிருந்து கைப்பற்றினார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. எது உண்மை, வீட்டில் வைத்திருப்பது குற்றமா, தம்பிக்கு அனுப்பலாமா, வியாபாரிக்குக் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள அம்மா,

வியாபாரிக்கு இப்போதைக்கு எதையும் கொடுக்க வேண்டாம். அவர் சும்மா சேர்த்துக் கேட்ட நீள வாள்தான், புகைப்படங்களை வைத்துப் பார்த்தால், மூன்றிலும் முக்கியமானது. அவர் தெரிந்து கேட்டாரா தெரியாமல் கேட்டாரா என்பதற்குள் நான் போகவில்லை. விலை பேசுகிறவரே பொருளின் வயதையும் தரத்தையும் சொல்லும்போது, அந்தச் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

"அசலா, போலியா" என்று கேட்டிருக்கிறீர்கள். வட ஆப்பிரிக்க ஆயுதங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தொடங்கினால் வழி தவறிவிடும். யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். வெட்டவும் குத்தவும் வேண்டியிருந்தவருக்கா, திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அணிந்து போனவருக்கா, வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் அந்நியருக்கா? மூன்றையும் ஒரே பட்டறையில் ஒரே கைவினைஞர் செய்திருக்கலாம். 1830-ல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் அருகே இறங்கிய நாள் முதலே நினைவுப்பொருள் தேடும் சிப்பாய்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். பிறகு சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். ஆகவே நூறு வருடம் தாண்டிய அலங்காரக் கத்தியும் உண்டு. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்து, ஒருவர் வாழ்நாள் முழுவதும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த வாளும் உண்டு. பழையதென்றால் பயன்பட்டது, புதியதென்றால் பொம்மை என்ற கணக்கு அங்கே செல்லாது.

நீள வாள்

இதன் பெயர் ஃப்லிஸ்ஸா. அல்ஜியர்ஸுக்குக் கிழக்கே ஜுர்ஜுரா மலைகளை ஒட்டிய கபிலியா பகுதியில், கபைல் என்னும் பெர்பர் மக்கள் செய்த வாள். இஃப்லிசென் என்ற குலத்தார் இதற்குப் பெயர் போனவர்கள். உலகத்தில் வேறெங்கும் இதே உருவத்தில் வாள் கிடையாது, அதனால் அடையாளத்தில் குழப்பமில்லை. கைக்காப்பு இருக்காது. முதுகு நேராக ஓடும். வாய்ப்பக்கம், அதாவது கூர்ப்பக்கம், மட்டும் நடுவுக்குக் கீழே மெல்லப் பருத்து, பிறகு நெடுந்தூரம் ஒடுங்கி ஊசியாக முடியும். நீளமானவை ஒரு மீட்டரை எட்டும், ஒரு முழத்துக்கும் குறைவான குத்துவாள்களும் உண்டு.

உங்களுடையது பயன்பாட்டு வாள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதன் மேலிருக்கும் கோலம் அல்ல, அலகின் தடிமன். முதுகைப் பார்த்து எடுத்த படத்தில் பிடியருகே கனமாகத் தொடங்கி நுனியை நோக்கிச் சீராக மெலிகிறது. கையில் சுழற்றப்போகும் வாளுக்கு இந்த மெலிவு இல்லாமல் முடியாது. இல்லாவிட்டால் நுனி கனத்து மணிக்கட்டு தாங்காது. அலங்காரத்துக்குச் செய்பவர் ஒரே தடிமனான தகட்டை உருவத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து முடித்துவிடுவார். சுவரில் மாட்டும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பழைய ஆயுதம் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பக்கவாட்டில் பார்க்காமல் முதுகைப் பாருங்கள்.

அடுத்தது பித்தளை வேலை. உண்மையான பதிப்பு வேலையில் இரும்பில் குழி வெட்டி, அதற்குள் பித்தளையை அடித்து இறக்கியிருப்பார்கள். விரல் நுனியால் தடவினால் இரும்பும் பித்தளையும் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருக்கும். ஆங்காங்கே பித்தளை உதிர்ந்து வெறும் குழி தெரியும். உங்கள் மூன்றாவது படத்தில் அப்படி உதிர்ந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவை நல்ல சாட்சி. விற்பனைக்கென்று பின்னாளில் வந்த சிறிய ஃப்லிஸ்ஸாக்களில் இந்த உழைப்பு குறைந்துபோகும். கோடுகள் ஆழமில்லாமல் கீறலாக நிற்கும், அலகு லேசான தகடாக இருக்கும்.

அப்பா போர்க்களத்தில் கைப்பற்றினார் என்ற கதைக்கு வருகிறேன். வருத்தம் தர வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் காலம் பொருந்தவில்லை. கபிலியாவைப் பிரெஞ்சுப் படை முழுமையாக அடக்கியது 1857-ல், மார்ஷல் ராண்டோன் காலத்தில். அந்த மலையில் எதிர்ப்பை நடத்திய லல்லா ஃபாத்மா ன்சூமர் பிடிபட்டதும் அதே ஆண்டுதான். 1871-ல் மொக்ரானி தலைமையில் மீண்டும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. அதை ஒடுக்கிய பிறகு நிலங்களைப் பறித்தார்கள், கடும் தண்டம் விதித்தார்கள், ஆயுதங்களைக் களைந்தார்கள். நீள ஃப்லிஸ்ஸா அந்தக் காலத்துப் பொருள். உங்கள் அப்பா இருந்த 1954–1962 விடுதலைப் போரில் எதிர்த்தரப்பு துப்பாக்கியும் வெடியும் வைத்துப் போரிட்டது. ஒரு போராளி இந்த வாளோடு எதிரே வந்திருப்பார் என்பதை ஏற்பது கடினம்.

அப்படியானால் எப்படிக் கிடைத்திருக்கும்? பெரும்பாலும் கடைத்தெருவில் வாங்கியிருப்பார். பழைய ஆயுதங்களை விற்கும் கடைகள் அல்ஜீரிய நகரங்களில் இருந்தன, சிப்பாய்களே அவற்றின் வாடிக்கையாளர்கள். ஆனால் வேறொரு வழியும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தப் போரில் கபிலியாவின் பல மலைக் கிராமங்களை ராணுவம் காலி செய்து, மக்களை முகாம்களில் கூட்டி அடைத்தது. வீடுகளைச் சோதனையிட்டபோது குடும்பப் பொருள்கள் கைமாறின. உங்கள் வாள் அப்படி வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரமில்லை. அதனால்தான் அப்பாவின் ராணுவக் காகிதங்கள், கடிதங்கள், அந்தக் காலப் புகைப்படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்பது தெரிந்தால் வாளின் கதை நூறு மடங்கு தெளிவாகும். எந்த அருங்காட்சியகமும் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே.

வளைந்த குத்துவாள்

இது மொரோக்கோவின் கும்மியா. வியாபாரி சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிடி தந்தம் என்றார். நெருங்கி எடுத்த படத்தில் பிடி முழுக்கச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் குறுங்கோடுகளும் தெரிகின்றன. அவை எலும்பில் ரத்தநாளங்கள் ஓடிய தடங்கள். தந்தத்தில் அவை இருக்காது, வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் வளைகோடுகள் தெரியும். எனக்குத் தெரிவது எலும்பு, ஒட்டக எலும்பாக இருக்கலாம். இது உங்களுக்கு நல்ல செய்திதான். உண்மையிலேயே தந்தமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், விற்கவே முடியாது. தந்தம் என்று சொல்லி விலை பேசுகிறவரிடம் பொருளை விற்பது உங்களையும் வழக்கில் மாட்டிவிடும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம், பொருள்தான் கெடும்.

உறை வெள்ளி என்றார். காந்தம் ஒட்டவில்லை என்பதை அதற்கு ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். காந்தம் வெள்ளியிலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை இரும்பு இல்லை என்று மட்டும் சொல்லும். உறையின் வளைவில் வெள்ளைப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிவதால், அடியில் பித்தளை என்று நினைக்கிறேன். நம்பிக்கையான நகைப் பட்டறையில் உரசிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

முந்நூறு வருடம் என்றார். அலகைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பயன்பாட்டுக் கும்மியாவின் அலகு மேல்பாதியில் நேராக, ஒருபக்கம் மட்டும் கூராக இருக்கும். வளைந்த கீழ்ப்பாதியில் இரண்டு பக்கமும் கூராகும். உங்களுடையதில் எந்தப் பக்கமும் வாய் தீட்டிய தடமே இல்லை, தடிமனும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாக இருக்கிறது. பிடியை அசைத்தால் அலகு ஆடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உறையின் பூ வேலை வலப்பக்கமும் இடப்பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒன்றேபோல் இருக்கிறது. கையால் செதுக்கியதென்றால் எங்காவது ஒரு கோடு சற்று விலகியிருக்கும். இது விற்பனைக்கென்று செய்த பொருள், உங்கள் அப்பாவின் காலத்தை ஒட்டியது என்பது என் கணிப்பு.

உறையைவிட அலகு குட்டையாக இருப்பதால் யாரோ அலகை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் வேண்டாம். கும்மியா உறையின் நுனி மேல்நோக்கிச் சட்டென்று வளைந்திருக்கும், அலகு அவ்வளவு தூரம் போகவே போகாது. மிகச் சிறந்த பழைய கும்மியாக்களும் அப்படித்தான்.

இதனால் கும்மியாவை மட்டமாக எண்ணிவிடாதீர்கள். மொரோக்கோவின் தெற்கே சூஸ் பகுதியிலும் மலையோரங்களிலும் அது ஆணின் உடையில் ஒரு பாகம். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒட்டியாணம் அணிவதுபோல அணிந்தார்கள். உறையின் இரு வளையங்களில் கயிறு கோத்துத் தோளில் குறுக்காக மாட்டி இடப்பக்கம் தொங்கவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையோடு இத்தாலியில் போரிட்ட மொரோக்கோ கூமியர் படையினர் இதையே தங்கள் சின்னமாக வைத்திருந்தார்கள். அணிவதற்கென்று செய்த கும்மியாவில் சண்டைத் தடம் இல்லாவிட்டாலும் வளையங்கள் தேய்ந்திருக்கும், உடலை ஒட்டியிருந்த பின்பக்கம் வழவழப்பாகியிருக்கும். உங்களுடையதில் வளையங்கள் புதிதாக இருக்கின்றன. அதையும் சேர்த்தே விற்பனைப் பொருள் என்கிறேன்.

பிறைச் சின்ன வாள்

இது துவாரெக் மக்களின் தகூபா. தெற்கு அல்ஜீரியாவிலிருந்து மாலி, நைஜர் வரை சஹாரா முழுவதும் புழங்கும் வாள். நுனி மழுங்கியிருப்பதால் பொம்மை என்று உறவினர் சொன்னாராம். தகூபா வெட்டுவதற்கான வாள், அதன் நுனி வட்டமாகவே முடியும். அலகின் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் ரத்தம் வடிவதற்கு என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பரவலான நம்பிக்கை, ஆனால் உண்மையில்லை. விறைப்புக் குறையாமல் எடையைக் குறைக்கவே அந்தப் பள்ளங்கள்.

பிறைகள் சுல்தானின் முத்திரை என்று வியாபாரி சொன்னதும் சரியல்ல. ஜெர்மனியின் சோலிங்கன் முதலான ஐரோப்பிய ஊர்களில் செய்த அலகுகள் வணிகர்கள் வழியே சஹாராவுக்குப் போயின. முகமுள்ள பிறைச் சின்னம் அந்த ஐரோப்பிய அலகுகளோடு வந்தது. நல்ல இரும்பின் அடையாளம் என்று பெயர் பெற்றுவிட்டதால், துவாரெக் கொல்லர்களான இனாதன்கள் தாங்கள் அடித்த அலகுகளிலும் அதைப் பொறித்தார்கள். ஆகவே சின்னம் இருப்பதை வைத்து ஐரோப்பிய அலகு என்றும் சொல்ல முடியாது, போலி என்றும் தள்ள முடியாது. உங்கள் படத்தில் பிறைகள் இரண்டும் ஒரே ஆழத்தில் இல்லை, சற்றுச் சாய்ந்தும் இருக்கின்றன. உள்ளூர்க் கொல்லர் கையால் அடித்தது என்று எண்ணுகிறேன். வாயில் சின்னச் சின்ன நெளிவுகளும் திரும்பத் திரும்பத் தீட்டிய தடமும் இருக்கின்றன. உறைத்தோல், வாளைச் செருகும் வாயருகே கறுத்து, தையல் ஒருமுறை பிரிந்து மறுபடி தைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் இதை வைத்துப் பிழைத்திருக்கிறார். வயதை மட்டும் படத்தை வைத்துச் சொல்லக் கூடாது, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புளியும் குங்குமமும்

பூஜையை விடச் சொல்லவில்லை. ஆனால் புளியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எலுமிச்சை, உப்புக்காகிதம், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். புளியின் அமிலம் துருவோடு சேர்த்துப் பழைய கரும்படலத்தையும் அரித்துவிடும். அந்தப் படலம் இரும்புக்குப் பாதுகாப்பு, வயதைச் சொல்லும் சாட்சியும் அதுதான். ஃப்லிஸ்ஸாவின் பித்தளை உதிர்ந்ததற்கு ஆண்டாண்டாகத் தேய்த்ததும் ஒரு காரணமாக இருக்கும். ஈரக் குங்குமமும் சந்தனமும் அலகின் பள்ளங்களில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடுத்த ஆயுத பூஜைக்கு வாள்களை ஒரு தட்டில் வைத்து, தட்டின் ஓரத்தில் பொட்டு வையுங்கள்.

புதுச்சேரியின் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அலகை உறைக்குள் செருகியே வைத்தால் தோலும் மரமும் உறிஞ்சும் ஈரம் இரும்பைத் தின்னும். தனியே எடுத்து, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள், வியர்வையின் தடம் சில நாளில் துருவாகும். கறுப்பாகவும் பழுப்பாகவும் இறுகியிருக்கும் படலத்தை விட்டுவிடலாம். செந்நிறமாகப் பொடிப்பொடியாக உதிரும் துரு இருந்தால் அதற்கு மருந்து வீட்டில் இல்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நெடுங்காலமாக வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞன் அல்ல. பழைய உலோகப் பொருள்களோடு பழகும் தொழிலில் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன், முடிவெடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

வீட்டில் வைத்திருப்பது தானாகவே குற்றமாகிவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள் போன்றவற்றை ஆயுத வகையில் சேர்க்கின்றன. அவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது, அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அந்தப் பகுதிக்கு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு, எழுத்துமூலமான பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல வேண்டாம். நிபுணரிடம் காட்ட வேண்டியிருந்தால் அவரை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் பெற்றுப் பொதிந்து எடுத்துச் செல்லுங்கள்.

தம்பிக்கு அனுப்பும் விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. "அப்பா கொண்டுவந்து அறுபது சொச்சம் வருடம்தான் ஆகிறது, அதனால் தொல்பொருள் சட்டம் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் பொருள் இந்தியாவுக்கு வந்த நாளைப் பார்ப்பதில்லை, செய்யப்பட்ட காலத்தைப் பார்க்கிறது. நூறு வருடம் ஆகியிருந்தால் தொல்பொருள். எந்த நாட்டில் செய்தது என்று அந்த வரையறை பிரிப்பதும் இல்லை. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. என் கணிப்பு சரியென்றால் ஃப்லிஸ்ஸா இந்த வரம்புக்குள் நன்றாகவே வரும். தம்பி விடுமுறைக்கு வந்துபோகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகட்டும் என்ற யோசனையை அறவே விட்டுவிடுங்கள். விமான நிலையச் சுங்கத்தில் பிடிபட்டால் வாளும் போகும், அவருக்கு வழக்கும் வரும்.

நூறு வருடம் ஆகாத பொருளுக்கு, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்றிதழ் தரும். அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. கும்மியாவுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தகூபாவைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பதா, பிரிப்பதா

விலை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். புகைப்படத்தைப் பார்த்து விலை சொல்வது என் வழக்கமில்லை. விற்பதே முடிவென்றால், தொல்பொருள் வியாபாரம் செய்ய அதே 1972 சட்டப்படி உரிமம் வேண்டும். வீட்டுக்கு வந்த வியாபாரியிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், ஃப்லிஸ்ஸாவை அவசரப்பட்டு விற்க வேண்டாம். அது ஒரு மலைநாட்டு மக்கள் தங்கள் மண்ணைக் காக்கக் கையில் எடுத்த வாள். அந்த மக்களை ஒடுக்கிய படையில் கூலிக்குச் சேர்ந்த புதுச்சேரிப் பிள்ளை ஒருவரின் பெட்டியில் நம் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வரலாற்றோடு சேர்த்து அதை ஆவணப்படுத்தினால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பொருள் அது. ஏலக்கூடத்தில் கதை கழன்றுவிடும், வாள் மட்டும்தான் விற்கும். அதற்காக, கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொத்து உங்கள் இருவருடையது, தம்பியோடு பேசி எழுத்தில் ஒரு உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு அப்பாவின் நினைவாக ஏதாவது வேண்டும் என்றால், சான்றிதழ் கிடைத்ததும் கும்மியாவைச் சட்டப்படி அனுப்பலாம். சந்தையில் அதற்கு மதிப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் மூன்றில் அப்பா தானே கடையில் நின்று, பேரம் பேசி, பிடித்துப்போய் வாங்கியது அதுவாகத்தான் இருக்கும். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

இனி எனக்கு வேண்டியவை: ஃப்லிஸ்ஸாவின் முதுகுத் தடிமனைப் பிடியருகே, கால்வாசியில், பாதியில், முக்கால்வாசியில் என நான்கு இடத்தில் வெர்னியர் அளவியால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் படமெடுங்கள். பிடியைக் கழற்ற முயல வேண்டாம். தகூபாவின் பிறைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம். கூடவே அப்பாவின் ராணுவச் சேவைப் புத்தகத்தில் படைப்பிரிவும் ஊர்களும் எழுதிய பக்கங்களின் நகல். பிரெஞ்சில் இருக்கும் என்று தயங்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.